தொகுதி வரலாற்றுப் பெட்டியில் விடுபடுபவை: ஆர்.கே.நகரை முன்வைத்து

ஆசிரியருக்கு,

வணக்கம். சட்டமன்றத் தேர்தல் நெருங்கினால் எல்லா நாளிதழ்களும் தொகுதி அறிமுகம் வெளியிடுகின்றன. கட்டுரையின் ஓரத்தில் ஆண்டு, வென்றவர், கட்சி, வாக்கு என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். கட்டுரையை முழுவதும் படிக்காதவர்கள்கூட அந்தப் பெட்டியைப் படிக்கிறார்கள், படம் எடுத்து அனுப்புகிறார்கள். "இது இன்ன கட்சியின் கோட்டை" என்ற பேச்சு பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. பெட்டி பிழையாக இருந்தால் பேச்சும் பிழையாகப் பரவும். வடசென்னையின் டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் தொகுதியை, நாம் சொல்வதுபோல ஆர்.கே.நகரை, எடுத்துக்கொண்டு எங்கெல்லாம் பிழை நேர்கிறது, எப்படித் தவிர்க்கலாம் என்பதை எழுதுகிறேன். ஒரு தொகுதி வரலாற்றில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே தொகுதியில் இருக்கின்றன.

முதலில் தொடக்க ஆண்டு. '1952 முதல்' என்று தலைப்பிட்டுவிட்டு எல்லாத் தொகுதிக்கும் ஒரே அச்சில் பெட்டி போடுவது வழக்கமாகிவிட்டது. ஆர்.கே.நகர் தன் முதல் தேர்தலைச் சந்தித்தது 1977இல். அதற்கு முன் வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் போன்ற பெயர்களில் தொகுதிகள் இருந்தன. அவற்றின் முடிவுகளைக் கொண்டுவந்து ஆர்.கே.நகருக்கு முன்னால் ஒட்டக் கூடாது. தெருக்கள் சில ஒன்றாக இருக்கலாம், தொகுதி வேறு.

அடுத்தது தொகுதி எண். தொகுதி எல்லைகளை மாற்றிய 2008 மறுசீரமைப்பு ஆணைக்குப் பிறகு ஆர்.கே.நகரின் எண் 11. அந்த ஆணை சட்டமன்றத் தேர்தலில் முதலில் நடைமுறைக்கு வந்தது 2011இல். அதற்கு முன் சென்னைத் தொகுதிகள்தான் மாநிலப் பட்டியலின் தொடக்கத்தில் இருந்தன. ராயபுரம் 1, துறைமுகம் 2, ஆர்.கே.நகர் 3. அப்போது 11ஆம் எண்ணில் இருந்தது சேப்பாக்கம். தேர்தல் ஆணையத்தின் அறிக்கைகளைக் கணினியில் ஏற்றி, தொகுதி எண்ணை வைத்து ஆண்டுகளைக் கோத்தால் என்ன ஆகும்? 1996, 2001, 2006இல் மு.கருணாநிதி ஆர்.கே.நகரில் வென்றதாக அட்டவணை வந்துவிடும். அவர் அந்த மூன்று தேர்தலிலும் வென்றது சேப்பாக்கத்தில். ஆகவே 2006க்கும் 2011க்கும் இடையே எண்ணை நம்பவே கூடாது. பெயரை வைத்துத்தான் கோக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லை ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மறுசீரமைப்பில் சென்னையின் 14 தொகுதிகள் 16 ஆயின. பூங்கா நகரும் புரசைவாக்கமும் மறைந்தன, சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒன்றாயின, கொளத்தூர், திரு.வி.க.நகர், விருகம்பாக்கம், வேளச்சேரி புதிதாக வந்தன, வில்லிவாக்கம் நகரப் பட்டியலுக்குள் வந்தது. ஒரு தொகுதியின் எல்லைக்கோட்டை மாற்றினால் பக்கத்துத் தொகுதியின் கோடும் நகரும். எனவே பெட்டியில் 2006 வரிசைக்குக் கீழே ஒரு தடித்த கோடு போட்டு, 'எல்லை மாற்றம்' என்று இரண்டு சொல் எழுதினால் போதும். அந்தக் கோட்டைத் தாண்டி வாக்கு எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது என்பது வாசகருக்குப் புரிந்துவிடும்.

இனி பட்டியல். 1977இல் ஐசரி வேலன் அதிமுக சார்பில் வென்றார். 1980இல் வி.ராஜசேகரன், 1984இல் எஸ்.வேணுகோபால்; இருவரும் காங்கிரஸ். 1989இல் எஸ்.பி.சற்குணபாண்டியன், திமுக. 1991இல் இ.மதுசூதனன், அதிமுக. 1996இல் மீண்டும் சற்குணபாண்டியன். 2001, 2006 இரண்டிலும் பி.கே.சேகர்பாபு, அதிமுக. 2011இல் பி.வெற்றிவேல், அதிமுக. 2015 இடைத்தேர்தலிலும் 2016 பொதுத்தேர்தலிலும் ஜெ.ஜெயலலிதா. 2017 இடைத்தேர்தலில் டி.டி.வி.தினகரன், சுயேச்சை. 2021இல் ஜே.ஜே.எபினேசர், திமுக.

இந்தப் பட்டியலைப் பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் வைத்துத் தயாரித்தால் 11 வரிசைதான் வரும். அதிமுக 6, திமுக 3, காங்கிரஸ் 2. சுயேச்சை வென்ற செய்தியே இருக்காது. தமிழ்நாடே கவனித்த 2017 தேர்தல் அட்டவணையில் காணாமல் போய்விடும். காரணம் எளிது: தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கையில் இடைத்தேர்தல்கள் இருக்காது, அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். இடைத்தேர்தல்களையும் சேர்த்தால் 2021 வரை 13 முடிவுகள்: அதிமுக 7, திமுக 3, காங்கிரஸ் 2, சுயேச்சை 1. விடுபட்ட இடைத்தேர்தலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பேரவைக் காலத்துக்கும் தொடக்கத்தில் இருந்த உறுப்பினர் பெயரையும் பேரவை கலைந்தபோது இருந்த உறுப்பினர் பெயரையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் ஒரு ராஜினாமாவோ மரணமோ தகுதி நீக்கமோ இருக்கிறது. ஆர்.கே.நகரில் 2011–16 காலத்தில் வெற்றிவேலின் ராஜினாமா, 2016–21 காலத்தில் ஜெயலலிதாவின் மரணம்.

கட்சிப் பெயர் இடும் பத்தியில்தான் அதிகக் கவனம் தேவை. 1980, 1984 இரண்டிலும் 'காங்கிரஸ்' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் வாசகர் அதை ஒரே தொடர்ச்சி என்று நினைப்பார். 1980இல் இந்திரா காங்கிரஸ் திமுகவோடு கூட்டணி, தோற்றது அதிமுக. 1984இல் அதே கட்சி அதிமுகவோடு கூட்டணி. நான்கரை ஆண்டில் அதே கை சின்னம் எதிர்ப்பக்கத்து வாக்குகளைப் பெற்று வென்றிருக்கிறது. கூட்டணிக்கென்று ஒரு பத்தி இல்லாத அட்டவணை இதைச் சொல்லவே சொல்லாது.

1989க்கும் அதே கவனம் வேண்டும். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அதிமுக இரண்டாகி, ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றன. அந்த ஆண்டு எந்தத் தொகுதிக்கும் 'அதிமுக' என்று ஒற்றை வரியில் வாக்கு எழுதக் கூடாது. இரு அணிகளையும் தனித்தனியாக எழுதி, வேண்டுமானால் கூட்டுத்தொகையை அடிக்குறிப்பாகத் தரலாம்.

2017 வரிசையில் தினகரன் பெயருக்கு எதிரே, அவர் பிறகு தொடங்கிய 'அமமுக' (அம்மா மக்கள் முன்னேற்றக் கழகம்) என்று சில இடங்களில் காண நேர்கிறது. அது தவறு. 2017 டிசம்பரில் அவர் பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை. அமமுக தொடங்கப்பட்டது 2018 மார்ச்சில். சுயேச்சையாக வென்றவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவி இழப்பார் என்பதால் இது வெறும் சொல் திருத்தம் அல்ல, சட்ட நிலையே அதுதான். இதே போன்ற சிக்கல் பழைய காலத்திலும் உண்டு. 1957இல் திமுக வேட்பாளர்கள் ஆணையத்தின் பதிவில் சுயேச்சைகள். கட்சிக்கு அப்போது அங்கீகாரம் இல்லை. அந்த ஆண்டின் அறிக்கையை அப்படியே எடுத்தால், திமுக முதன்முதலாகப் பேரவைக்குள் நுழைந்த தேர்தலில் திமுக என்ற சொல்லே இருக்காது. அங்கே 'சுயேச்சை' என்று எழுதி, அருகில் 'திமுக' என்று குறிப்பிடுவதே சரி. சிறிய கட்சிகளின் வேட்பாளர்கள் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கும்போது நேர்மாறான பிழை வரும். 2021இல் மதிமுகவினர் உதயசூரியனில் நின்றார்கள். ஆணையக் கணக்கில் அவர்கள் திமுக.

ஒரே ஆள் இரு கட்சியில் வருவதையும் பெட்டி காட்ட வேண்டும். அதற்கு இரண்டாம் இடம் பெற்றவரின் பெயர் அவசியம். 2011இல் வெற்றிவேல் 83,777 வாக்கு பெற்று 31,255 வித்தியாசத்தில் வென்றார். தோற்றவர் 52,522 வாக்கு பெற்ற திமுகவின் சேகர்பாபு, அதாவது அதற்கு முந்தைய இரு தேர்தல்களில் அதே தொகுதியில் அதிமுக சார்பில் வென்றவர். வென்றவர் பெயரை மட்டும் போட்டால் இந்தச் செய்தி போய்விடும். பெயர் எழுத்தும் கவனிக்க வேண்டியது. சற்குணபாண்டியன் சில பட்டியல்களில் சற்குணம் என்று இருக்கிறார். இருவர் என்று எண்ணிவிட்டால், ஏழாண்டு இடைவெளியில் ஒருவரே இரு முறை வென்றது தெரியாமல் போகும்.

இனி வாக்கு எண்ணிக்கை. 2015 ஜூன் 27 இடைத்தேர்தலில் ஜெயலலிதா பெற்றது 1,60,432. இரண்டாம் இடத்தில் வந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சி.மகேந்திரன் பெற்றது 9,710. வித்தியாசம் 1,50,722. பதினோரு மாதத்தில், 2016 மே 16 பொதுத்தேர்தலில், ஜெயலலிதாவுக்கு 97,218, திமுகவின் சிம்லா முத்துச்சோழனுக்கு 57,673, வித்தியாசம் 39,545. இரண்டு வரிசையையும் அடுத்தடுத்துப் போட்டால் ஓராண்டுக்குள் 63,214 பேர் மனம் மாறியதாகத் தோன்றும். 2015இல் திமுக, காங்கிரஸ், பாஜக, பாமக எதுவும் போட்டியிடவில்லை. பிரதான எதிர்க்கட்சி விலகி நின்ற தேர்தலின் வித்தியாசத்தைப் பொதுத்தேர்தலோடு ஒப்பிட்டு ஏற்றம், இறக்கம் பேசக் கூடாது. அந்த வரிசையில் 'திமுக போட்டியிடவில்லை' என்ற இரண்டே வார்த்தை ஒரு பத்தி விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

2017க்கு இரண்டு பதிவு வேண்டும். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5இல் மறைந்தார். இடைத்தேர்தல் 2017 ஏப்ரல் 12 என அறிவிக்கப்பட்டது. அதற்குள் அதிமுக இரு அணியாகப் பிரிந்திருந்ததால் இரட்டை இலையை ஆணையம் முடக்கியது. தினகரன் தொப்பி சின்னத்திலும், ஓ.பன்னீர்செல்வம் அணியின் மதுசூதனன் இரட்டை விளக்கு மின்கம்பம் சின்னத்திலும் நின்றனர். வாக்காளர்களுக்குப் பணம் தரப்பட்டதாக எழுந்த புகார்களையும் வருமான வரிச் சோதனைகளையும் தொடர்ந்து, ஏப்ரல் 9 இரவு தேர்தல் ரத்தானது. ரத்து என்பதும் தள்ளிவைப்பு என்பதும் வேறு வேறு. ரத்தானால் அறிவிப்பே இல்லாததாகிவிடும். வேட்புமனு தாக்கல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் இதே காரணத்துக்காகப் பொதுத்தேர்தலோடு வாக்குப்பதிவு நடக்காமல் நவம்பரில் நடந்தது; அந்த இரு தொகுதிகளின் பெட்டியில் 'மே 2016' என்று அச்சிடுவது பிழை. ஆர்.கே.நகரில் டிசம்பர் 21இல் வாக்குப்பதிவு நடந்தபோது இரட்டை இலை மதுசூதனனிடம் இருந்தது, தினகரனிடம் குக்கர். ஏப்ரல் செய்தியை வைத்து டிசம்பர் சின்னத்தை எழுதினால் தவறிவிடும்.

டிசம்பர் முடிவு: தினகரன் 89,013, மதுசூதனன் 48,306, திமுகவின் மருதுகணேஷ் 24,651. வித்தியாசம் 40,707. நோட்டா 2,373, பாஜக வேட்பாளர் கரு.நாகராஜன் 1,417. கட்டுத்தொகையை (டெபாசிட்டை) திரும்பப் பெற, செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். நோட்டாவை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைக் கழித்தால் தேவைப்பட்டது ஏறத்தாழ 29,000 வாக்கு. திமுக அதைத் தொடவில்லை. 'பதிவான வாக்குகளில் ஆறில் ஒன்று' என்று நாளிதழ்களில் எழுதுகிறோமே, அது நெருக்கமான போட்டிகளில் ஒருவருக்கு டெபாசிட் போனதா இல்லையா என்பதையே மாற்றிவிடும்.

இந்தத் தேர்தலில் களத்தில் இருந்தவர்கள் 59 பேர். ஒரு பேலட் யூனிட்டில் 16 பொத்தான், அப்போதைய இயந்திரத்தில் நான்கு யூனிட் வரை இணைக்கலாம், ஆக 64. நோட்டாவுக்கு ஒன்று போக 63 பேர் வரை இயந்திரம் தாங்கும். அதனால்தான் மனு திரும்பப் பெறும் நாளில் எல்லாரும் எண்ணிக்கையைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சான பிறகுதான் சட்டமன்றத் தேர்தல் கட்டுத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இப்போது 10,000.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது வாக்குப்பதிவு சதவீதத்தை. 2016இல் ஆர்.கே.நகரில் ஏறத்தாழ 68 சதவீதம், 2017 டிசம்பரில் 77.5 சதவீதம். 'ஆர்வம் பெருகியது' என்று அப்போது எழுதப்பட்டது. வாக்களித்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 2016இல் சுமார் 1,74,000; 2017இல் சுமார் 1,77,000. கூடியது மூவாயிரம் பேர் அளவுதான். மாறியது வகுக்கும் எண். 2016இல் வாக்காளர் பட்டியலில் இரண்டு லட்சத்து 54 ஆயிரம் பேர். 2017 ஏப்ரலில் அது 2,62,000ஐத் தாண்டியது. போலி, இரட்டைப் பதிவுகள் குறித்து வழக்கு நடந்து, பெயர்கள் நீக்கப்பட்ட பிறகு டிசம்பரில் 2,28,234. அதே 1,77,000 பேரை ஏப்ரல் பட்டியலால் வகுத்தால் கிடைப்பது 67.5 சதவீதம், அதாவது 2016ஐவிடச் சற்றுக் குறைவு. பட்டியல் பெரிதாகத் திருத்தப்பட்ட ஆண்டில் சதவீதத்தை மட்டும் அச்சிட்டால் மக்களைப் பற்றி நாம் பொய் சொல்கிறோம். மொத்த வாக்காளர், வாக்களித்தவர் என்ற இரண்டு முழு எண்களையும் தாருங்கள். சதவீதம் வேண்டுமானால் வாசகர் போட்டுக்கொள்வார்.

வேட்பாளரின் வாக்குச் சதவீதத்துக்கும் அடிப்படை மாறியிருக்கிறது. 1996 வரை வாக்குச்சீட்டு. செல்லாத வாக்கைக் கழித்துவிட்டுச் சதவீதம் போட்டார்கள். 2001இல் மாநிலம் முழுதும் இயந்திரம் வந்ததும் செல்லாத வாக்கு என்பது தபாலில் மட்டும் என்றாகியது. 2013க்குப் பின் நோட்டா சேர்ந்தது. ஒரே பத்தியில் மூன்று விதமான வகுத்தல் இருக்கக் கூடாது. 1952, 1957 தேர்தல்களைத் தொடும் தொகுதிகளில் இன்னொன்று: இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. அங்கே வாக்குகளின் கூட்டுத்தொகை வாக்களித்த ஆட்களின் எண்ணிக்கை ஆகாது. 1961இல் அந்த முறை ஒழிந்தது.

தபால் வாக்கை அற்பமாக நினைக்க வேண்டாம். 2016இல் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை 69,590, திமுகவின் அப்பாவு 69,541, வித்தியாசம் 49. சான்றொப்பம் இட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டன. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி அவையும் கடைசி மூன்று சுற்றுகளும் மறுபடி எண்ணப்பட்டன. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இப்படிப்பட்ட தொகுதியின் வரிசையில் 'வழக்கு' என்ற குறிப்பு இல்லாமல் எண்ணை மட்டும் போடுவது பாதிச் செய்தி.

வாக்குச்சாவடி வாரியாக எழுத விரும்பும் நிருபர்களுக்கு ஒரு வார்த்தை. படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாளில் சாவடி வாரி வாக்கு இருக்கும். சாவடி எண்ணை வைத்து இரண்டு தேர்தலை ஒப்பிடாதீர்கள். 2021இல் கொரோனாவுக்காகச் சாவடிக்கு ஆயிரம் பேர் அளவில் பிரித்ததால் ஏராளமான துணைச் சாவடிகள் வந்தன. பிறகு மீண்டும் மாறின. வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகத்துக்கும் முதல் பக்கத்தில் அந்தப் பாகத்தில் அடங்கிய தெருக்களின் பெயர் அச்சாகியிருக்கும். கொருக்குப்பேட்டையோ காசிமேடோ, தெருப் பெயரை வைத்துப் பாகங்களை ஒன்று சேர்த்து, அதன் பிறகு கூட்டுங்கள். தபால் வாக்கு எந்தச் சாவடிக்கும் சேராது, தனி வரிசையில் நிற்கும். மக்களவைத் தேர்தலின் படிவம் 20இலும் ஆர்.கே.நகர் பகுதி வாக்கு தனியாகக் கிடைக்கும். அதைப் பயன்படுத்தலாம், ஆனால் சட்டமன்றப் பெட்டிக்குள் கலக்கக் கூடாது.

'ஆர்.கே.நகரில் வெல்பவர் கட்சியே ஆட்சி அமைக்கும்' என்ற கூற்றையும் ஒவ்வொரு தேர்தலிலும் அச்சில் பார்க்கிறோம். 1980இல் இங்கே காங்கிரஸ், ஆட்சி அதிமுக. 2006இல் இங்கே அதிமுக, ஆட்சி திமுக. 1984இல் வென்றது ஆட்சி அமைத்த கட்சி அல்ல, அதன் கூட்டணிக் கட்சி. மீதி எட்டு பொதுத்தேர்தலில் பொருந்துகிறது. எட்டு பொருந்துகிறது, இரண்டு பொருந்தவில்லை, ஒன்று கூட்டணியால் பொருந்துகிறது என்று எழுதினாலே போதும். ராசி என்று எழுத வேண்டியதில்லை.

உங்கள் பெட்டிக்கு நான் கேட்பது இவ்வளவுதான்: வாக்குப்பதிவு நாள், பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா, வென்றவர், கட்சி, சின்னம், கூட்டணி, வாக்கு, இரண்டாம் இடம் பெற்றவருக்கும் அதே விவரம், மொத்த வாக்காளர், வாக்களித்தவர், கடைசியில் ஒரு குறிப்புப் பத்தி. ஆர்.கே.நகருக்கு இது 13 வரிசை, ரத்தான ஏப்ரல் 2017ஐயும் சேர்த்தால் 14. இடம் போதாதென்றால் 1977 முதல் 2006 வரை உள்ள வரிசைகளில் பெயர், கட்சி, கூட்டணி மட்டும் தந்துவிட்டு, இப்போதைய எல்லையில் நடந்த 2011, 2015, 2016, 2017, 2021 ஐந்துக்கும் முழு விவரம் தாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81